தெளிந்த நீரும் தூய நீரும்

எங் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது யாதென்பதை யாம் அறிவோம். பண்டையோர் நட்பு என்றோ, சான்றோர் கண்ட கல்வி என்றோ ஒரு தலைப்பு அவர்கள் உள்ளத்தில் இருந்திருக்கும். அத்தகைய கட்டுரைகளை முன்னும் எழுதியிருக்கின்றோம், இனியும் எழுதுவோம். ஆயின், இம்முறை எம் தொழிலுக்குப் புறம்பானதெனப் பலருக்குத் தோன்றக்கூடிய ஒரு பொருளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். அப் பொருள் தண்ணீர். அதிற் கண்ணுக்குத் தோன்றாது கரைந்து நிற்கும் பார உலோகங்கள். அவற்றை ஒளியாற் காட்டித்தரும் ஒருவகைப் புரதங்கள். விஞ்ஞானப் பட்டம் யாம் பெற்றிலேம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பெற்ற தராதரப் பத்திரமும், இருபதாண்டுக் காலம் மாணாக்கர்முன் நின்ற பழக்கமுமே எம் கைம்முதல். ஆகவே, இதனை ஒரு தமிழாசிரியனின் கருத்துரையாகக் கொண்டு படிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.

இக் கருத்து எம்முள் முளைத்தது ஒரு வகுப்பறையில். ஒன்பதாம் வகுப்பில் ஒருபொருட் சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். தெளிவு, தூய்மை, துப்புரவு, சுத்தம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி, தெளிந்த நீர் என்றாலும் தூய நீர் என்றாலும் ஒன்றே என்று சொல்லி முடித்தோம். பின் வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணியோ?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, யாமும் சிரித்தோம். “தெளிந்திருந்தால் நல்லதுதானே, இரு” என்றோம். அவன் இருக்கவில்லை. “ஈயம் கரைஞ்ச தண்ணியும் தெளிவாய்த்தான் இருக்குமெண்டு விஞ்ஞான பாடத்திலை படிச்சனாங்கள், ஐயா” என்றான். சிரிப்பு நின்றது. அவன் கூறியது மெய். யாம் கூறியது பிழை. அவ்விரு சொற்களையும் ஒருபொருட் சொற்களென ஆண்டுதோறுங் கற்பித்து வந்தோம். எத்தனை நூறு பிள்ளைகள் அப் பிழையை எம்மிடமிருந்து எழுதிக்கொண்டு போயினரோ அறியோம். அன்று அவ்விரு சொற்களுக்கும் நடுவே வெண்கட்டியால் ஒரு கோடு கீறினோம். அக் கோட்டின் பொருளை விரித்துரைப்பதே இக் கட்டுரை.

அன்றுமுதல் இதனைப்பற்றிக் கேட்டும் படித்தும் வந்தோம். கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியர்களும், இரசாயனவியல் பயின்று விடுமுறைக்கு ஊர் வந்திருந்த எம் பழைய மாணாக்கர் ஒருவரும் பொறுமையோடு விளக்கினர். எம் மாணாக்கருக்கு யாம் மாணாக்கராய் இருந்த அந் நாட்கள் இனியவை.

ஈயம், பாதரசம், கட்மியம் என்பன பார உலோகங்கள். ஆசனிக்கு உலோகப்போலியாயினும், நஞ்சின் தன்மையால் அவற்றோடு வைத்தெண்ணப்படுவது. செம்பும் நாகமும் சிற்றளவில் உடலுக்கு வேண்டியவை. மிகின் அவையுந் தீங்கு. இவை அயன்களாகக் கரைந்து குடிநீரிற் சிற்றளவாய் நிற்கும்பொழுது நிறம் இல்லை, மணம் இல்லை, நாவுக்குத் தெரியுஞ் சுவையும் இல்லை. அச் சிற்றளவு எத்துணைச் சிறிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஓர் இலீற்றர் குடிநீரில் ஈயம் 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். ஆசனிக்கிற்கும் அளவு அதுவே. கட்மியத்திற்கு 3 மைக்கிரோகிராம். ஒரு கிராமில் பத்திலட்சத்தில் ஒரு பங்கே மைக்கிரோகிராம். ஆகவே, ஒரே ஒரு கிராம் ஈயம் 100,000 இலீற்றர் நீரை அந்த வரம்பிற்குக் கொண்டுவரப் போதும். ஈயமோ குழந்தையின் மூளையைத் தாக்கி, கவனத்தையும் கற்குந் திறனையும் குறைப்பது. தீங்கற்ற அளவென்று அதற்கு ஒன்றும் அறியப்படவில்லை என்று அத் தாபனமே கூறுகின்றது. இதனைப் படித்தபொழுது ஆசிரியராகிய எமக்கு நெஞ்சு துணுக்குற்றது. பாடம் ஏறாத பிள்ளையை மந்தன் என்று ஏசுவதற்கு நமக்கு நொடிப்பொழுது போதும். அவன் எந்நீரைக் குடித்து வளர்ந்தான் என்று உலகில் எந்த ஆசிரியன் கேட்டான்?

நம் வீடுகளிற் கொதித்தாறிய நீரே பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றது. அது நல்ல வழக்கம்; நோய்க் கிருமிகள் அதனால் மடியும். ஆயின், உலோகம் கொதித்து மடிவதன்று. நீர் ஆவியாய்ப் போக, உலோகம் எஞ்சிய நீரிலேயே நின்றுவிடும். தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டால் கலங்கல் அடியிற் படியும். படிந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரிற் கரைந்திருப்பது யாதென்பதை அது நமக்குச் சொல்லாது. முன்னோர் அறிந்த நஞ்சுகளுக்கு முன்னோர் கண்ட வழிகள் போதுமானவை. பின்வந்த நஞ்சுகளுக்குப் பின்வந்தோரே வழி காண வேண்டும். இதனை முன்னோரை இகழ்தலாக ஒருவரும் கொள்ளற்க.

தெளிந்த நீர் தூய நீர் அன்று என்பதற்கு வங்காளதேசத்தினும் துயரமான சான்று வேறில்லை. அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறந்தனர். அதனைத் தடுக்கும் நன்னோக்கத்தோடு, 1970 களில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் உதவியுடன் ஊர்தோறும் குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. கைப்பம்பியை அழுத்தியதும் பளிங்குபோல நீர் வந்தது. மக்கள் மகிழ்ந்தனர். அந் நிலத்தின் வண்டற் படைகளிலே இயற்கையாய் இருந்த ஆசனிக்கு அந்நீரிற் கரைந்திருந்ததை ஒருவரும் எண்ணிலர். ஆண்டுகள் சென்றபின் உடலிற் புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்புகளும், புற்றுநோயும் தோன்றலாயின. 1993 இல் அக் கிணற்று நீரில் ஆசனிக்கு உண்டென்பது உறுதிப்பட்டது. பின்னர் ஏறத்தாழ ஐம்பதிலட்சம் கிணறுகளைச் சோதித்து, அந்நாட்டு வரம்பாகிய இலீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைக் கடந்த கிணற்றின் பம்பிக்குச் சிவப்பும், கடவாததற்குப் பச்சையும் பூசினர். எழுத்தறியாத தாயும் அந் நிறத்தைப் படித்தாள். குடத்தை இடுப்பில் வைத்தபடி, எங்கே நிற்பது, எங்கே நடப்பது என்று அறிந்தாள். அறிவு ஆய்வுகூடத்தை விட்டுக் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தமைக்கு இதனினும் நல்ல உவமை எமக்குத் தெரியவில்லை.

இனி, ஒளியின் கதைக்கு வருவோம். யப்பானிய விஞ்ஞானி ஒசாமு சிமொமுரா என்பவர் 1928 இற் பிறந்தவர். 1945 ஓகத்து 9 ஆந் திகதி நாகசாக்கியில் அணுகுண்டு விழுந்தபொழுது அவருக்கு வயது 16; அயலூராகிய இசகாயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அக் குண்டின் ஒளி அவர் கண்களைச் சிறிது நேரம் குருடாக்கிற்று. வீடு திரும்பும் வழியிற் கரிய மழை பெய்தது. பேரனைக் கண்ட பாட்டி உடனே அவரை நீராட்டினார். இவ்வாறு ஒளியாற் கண் கெட்டுப் பின் மீண்ட அவ் விளைஞரே, உயிர்களுக்குத் தீங்கு செய்யாத குளிர்ந்த ஒளியைத் தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

1961 ஆம் ஆண்டு கோடையில் அவரும் பிறின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பிராங்க் ஜோன்சனும் அமெரிக்காவின் மேலைக் கரையில், வாஷிங்டன் மாநிலத்துப் பிறைடே ஹாபர் என்னும் இடத்திற்குச் சென்றனர். நம் கடற்கரையார் சொறி என்று வெறுத்து ஒதுக்கும் இழுதுமீனின் ஓர் இனம் அங்கே உண்டு. தீண்டினால் அதன் குடை விளிம்பு பசுமையாய் ஒளிவிடும். அக் கோடையில் ஏறத்தாழப் பதினாயிரம் இழுதுமீன்களை வலைகொண்டு கோலிச் சாறு எடுத்தனர். ஒருநாள் வேலை முடிவில் எஞ்சிய சாற்றைக் கழுவு தொட்டியில் ஊற்றினார் சிமொமுரா. தொட்டி நீலமாய்ப் பளிச்சிட்டது. அத் தொட்டியிற் கடல்நீரும் வந்து விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கல்சியமே அச் சாற்றை ஒளிவிடச் செய்தது என்று அவர் கண்டார். ஏக்குவோரின் என்று பெயரிட்ட அப் புரதத்தைப் பற்றி 1962 இல் வெளியிட்ட கட்டுரையில், அதனோடு கூடப் பச்சையாய் ஒளிரும் இன்னொரு புரதமும் கிடைத்ததென்று குறித்தனர். அன்றைக்கு அது ஓர் அடிக்குறிப்பளவான செய்தி. பின்னாளில் உலகை வியப்பித்தது அவ் விரண்டாவது புரதமே. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. நீரிற் கரைந்த ஓர் உலோக அயன் ஒளியால் தன்னைக் காட்டிக்கொடுத்த நிகழ்ச்சி அக் கழுவு தொட்டியிலேயே நேர்ந்துவிட்டது.

அப் பச்சைப் புரதம் 238 அமினோவமிலங்கள் கோத்த ஒரு மாலை. அது தானே மடிந்து ஒரு சிறு பீப்பாய் வடிவம் கொள்ளும். பீப்பாயின் நடுவே 65, 66, 67 ஆம் அமினோவமிலங்கள் மூன்றும் ஒட்சிசன் உதவியோடு தாமே இணைந்து நிறக்கூறு ஆகும். நீல ஒளியை அது ஏற்றுப் பச்சை ஒளியாய்த் திருப்பித் தரும். அதனைச் செய்யும் பரம்பரையலகைப் பிரித்தெடுத்து 1992 இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். அதனைப் பற்றீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் புகுத்தி 1994 இல் ஒளிரச் செய்தவர் மாட்டின் சால்பி. பல நிறங்களை அதிலிருந்து உண்டாக்கி, அதனை அளவிடுங் கருவியாக மாற்றியவர் ரொஜர் சியென். 1999 இல் உருசிய அறிஞர் பவள இனத்து உயிரொன்றிலிருந்து செந்நிறப் புரதத்தையும் கண்டனர். சிமொமுரா, சால்பி, சியென் ஆகிய மூவரும் 2008 இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

இப் புரதங்கள் பார உலோகத்தை எவ்வாறு காட்டுகின்றன என்பதை மூன்று வகையாய் விளக்குவோம். முதலாவது, ஒளி மங்குதல். மேற்சொன்ன செந்நிறப் புரதத்தின்மீது செம்பு அயன் பற்றினால், விளக்கைக் கையாற் பொத்தினாற்போல ஒளி குறையும். செம்பை மீட்டு எடுத்தால் ஒளி மீளும். எவ்வளவு மங்கிற்று என்பதைக்கொண்டு செம்பு எவ்வளவென அறியலாம். இரண்டாவது, நிறம் மாறுதல். நீலப்பச்சையாய் ஒளிரும் ஒரு புரதம், மஞ்சளாய் ஒளிரும் ஒரு புரதம், இரண்டுக்கும் நடுவே உலோகத்தைப் பற்றும் ஒரு புரதம் என மூன்றையும் ஒரே மாலையாய்க் கோப்பர். உலோகம் வந்து பற்றியதும் நடுப் புரதம் உருமாறும். அதனால் இரு விளக்குகளும் நெருங்கும், அல்லது விலகும். நெருங்கினால் முதல் விளக்குப் பெற்ற ஆற்றல் இரண்டாவதற்குக் கைமாறும், மஞ்சள் மிகும். பெல்சியத்து நாகத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுத் தொட்டியில் 1976 இற் கண்டெடுக்கப்பட்ட ஒரு பற்றீரியா, உலோக நஞ்சுகளின் நடுவே வாழ்ந்து பழகியது. ஈயத்தை இனங்கண்டு பற்றும் புரதம் ஒன்று அதனிடம் உண்டு. அவ்வகைப் புரதத்தை இரு நிறங்களுக்கு நடுவே வைத்து, உயிர்க் கலத்தினுள் ஈயத்தைக் காட்டும் கருவியைத் தைவான் ஆய்வாளர் 2012 இல் வெளியிட்டனர். மூன்றாவது, உயிரையே காவலாளியாக்குதல். பாதரசத்தையோ ஆசனிக்கையோ உணர்ந்தவுடன் தற்காப்புக்கு எழும் பரம்பரையலகுகள் சில பற்றீரியாக்களில் உண்டு. அங்கே ஒளிர்புரதத்தின் பரம்பரையலகை இணைத்துவிட்டால், நஞ்சைக் கண்ட பற்றீரியா ஒளிரத் தொடங்கும்.

இவ்வளவுங் கேட்ட நண்பர் ஒருவர், “இனி என்ன, கிணற்றிலே ஒரு துளி விட்டால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா?” என்றார். அவ்வாறு எண்ணுதல் தவறு. இப் புரதங்களிற் பெரும்பாலன இன்றும் ஆய்வுகூடத்துக் கருவிகளே. நீர் புளிப்பாயினும் பல புரதங்களின் ஒளி மங்கும். ஓர் உலோகத்துக்காகச் செய்ததனை மற்றோர் உலோகமும் ஏமாற்றக்கூடும். ஒளியூட்ட நீல விளக்கும், பார்க்க வடிகண்ணாடியும் வேண்டும். மாற்றிய பற்றீரியாக்களைக் கட்டுப்பாடின்றி ஊரிலே திறந்துவிடவும் ஆகாது. ஒரு கிணற்றைப்பற்றி முடிந்த முடிபாய் ஒன்று கூறவேண்டின், அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவியில் அளந்தே கூறல் வேண்டும். புதியதைப் புகழும்பொழுது அதன் குறையை மறைப்பவன் அதற்கே பகைவன். ஆயினும், விலையேறிய பெருங்கருவி நகரத்திலே ஓரிடத்தில் இருக்கும். சிறு ஒளி ஊர்தோறும் செல்லவல்லது. எந்தக் கிணற்றை முதலிற் பெருங்கருவிக்கு அனுப்புவது என்று காட்டும் கைவிளக்காய் அது ஒருநாள் வருமாயின், அதுவே பெரும்பயன்.

இங்கே எம் முதற் கருத்தை வைக்கின்றோம். அளக்கும் அறிவு ஒருசிலர் கையில் மட்டும் இருத்தல் ஆகாது. யப்பானிலுள்ள மினமாத்தாக் குடாவை எண்ணிப் பாருங்கள். அங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலை பாதரசங் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீன் உண்ட பூனைகள் ஆடி ஆடி விழுந்து இறந்தன. பின்னர் மீனவர் குடும்பங்களிலே கைகால் நடுங்கின, கண் மங்கின, பேச்சுக் குழறிற்று. 1956 மே மாதத்தில் நோய் முறையாக அறிவிக்கப்பட்டது. 1959 இல் அத் தொழிற்சாலையின் மருத்துவரே கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். அதற்கும் அந் நோயே கண்டது. அம் முடிபு வெளியே சொல்லப்படவில்லை. பாதரசக் கழிவு 1968 வரை கடலிற் சென்றது. ஆகவே, அங்கே குறைந்தது கருவி அன்று; அறிந்ததைச் சொல்லும் நேர்மை. உண்மை ஒரு பெட்டியினுட் பூட்டப்பட்டிருந்த ஒன்பதாண்டுக் காலமும் தாய்மார் அக் கடல் மீனையே சமைத்தனர். மீனவன் தன் கண்ணாலேயே காணத்தக்க ஓர் ஒளி அக்காலத்தில் இருந்திருக்குமாயின், அதனைப் பூட்டிவைத்தல் எளிதாய் இருந்திராது. கண்ணாற் காணத்தக்க சான்றுக்கு யாம் மதிப்பளிப்பது இதுபற்றியே.

இரண்டாவது கருத்து எம் தொழிலைப் பற்றியது. “தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்பார் இருப்பர். ஒரு சொல்லை எடுத்துக்காட்டுவோம். ஈயம் என்னுஞ் சொல் வெள்ளீயத்தையுங் குறிக்கும், காரீயத்தையுங் குறிக்கும். பித்தளைப் பாத்திரங்களுக்கு நம்மவர் ஈயம் பூசியது வெள்ளீயத்தால். நஞ்சென்று இதுவரை யாம் கூறியது காரீயம். சொல் ஒன்றாயிருத்தலால் இருவகைக் கேடு விளைகின்றது. ‘ஈயம் நஞ்சு’ என்று பாடத்திற் படித்த பிள்ளை பாட்டியின் பாத்திரத்தைக் கண்டு அஞ்சுகின்றான். ‘பாட்டனும் பூட்டனும் ஈயத்திலே உண்டு நூறாண்டு வாழ்ந்தனர்’ என்று கூறும் பெரியவர் காரீயத்துக்கு அஞ்ச மறுக்கின்றார். இருவரையும் ஏமாற்றியது ஒரே சொல். அடைமொழி இரண்டையும் நம் மொழி முன்னரே ஆக்கி வைத்திருக்கின்றது. அவற்றைப் பிரித்து வழங்கக் கற்பிக்காதது எம் போன்றார் குற்றம். அவ்வாறே, தானே ஒளியை உண்டாக்கும் பொருளும் பிற ஒளியை ஏற்று நிறம் மாற்றித் தரும் பொருளும் வெவ்வேறு. முன்னதைத் தன்னொளி என்றும், பின்னதை ஏற்றொளி என்றும் யாம் வகுப்பிற் சொல்லிப் பார்த்தோம். பிள்ளைகள் உடனே பற்றிக்கொண்டனர். அறிஞர் இதனினும் நல்ல சொல் தருவாராயின் அதனையே கொள்வோம். நீர்ச் சோதனை அறிக்கையைக் கிணற்றுக்கு உடையவர் படித்து விளங்கவேண்டும். அவர் படிக்க இயலாத மொழியில் எழுதிய அறிக்கையும் பெட்டியிற் பூட்டிய அறிக்கையே.

மூன்றாவது கருத்துப் பெற்றோருக்கு உரியது. இழுதுமீன் ஏன் ஒளிர்கின்றது என்று ஒருவர் தேடப் புகுந்தபொழுது, அதனால் யாது வருவாய் என்று கேட்டிருப்பின் அவரால் விடை கூறியிருக்க முடியாது. நோயறியவும் நீரறியவும் இன்று உதவும் ஒரு பெருங்கலை, பயன் கருதாத அவ் வினாவிலிருந்து பிறந்தது. இதன் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். பரம்பரையலகை முதலிற் பிரித்தெடுத்த பிராஷருக்கு ஆய்வுப் பணம் தொடர்ந்து கிட்டவில்லை. தாம் கண்டதனைச் சால்பிக்கும் சியெனுக்கும் மனமுவந்து அளித்துவிட்டு அத்துறையை நீங்கினார். 2008 இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபொழுது, அவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு மோட்டார் வண்டி விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றோர் அவரைத் தம் செலவிலேயே விழாவுக்கு அழைத்துச் சென்றனர். அவர்கள் பண்பு பாராட்டற்குரியது. ஆயினும், விழாவிற்கு அழைக்கும் அன்பு ஆய்வு நடந்த காலத்தில் உதவியாய் வந்திருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, அப் பாடத்தோடு உங்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய நகரங்களில் இருந்தும் கல்லூரியை மறவாது பொருள் அனுப்புகின்றீர்கள். விழாக் காலத்தில் வளைவு எழுப்புவதும் மண்டபத்துக்கு வண்ணந் தீட்டுவதும் உகந்தனவே. அவற்றுள் ஒன்றின் ஒரு சிறு பகுதியை, கல்லூரிக் கிணறுகளின் நீரை ஆண்டுக்கு இருமுறை, மாரியில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக, தகுதிபெற்ற ஆய்வுகூடத்தில் அளப்பிக்க ஒதுக்குங்கள். நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு ஊற்று. அப் பாறையில் ஒரு கிணற்றுக்கும் மறு கிணற்றுக்கும் இடையே மதில் இல்லை. ஒருவர் வளவில் எறிந்தது மற்றவர் வாளியில் வரும். ஆதலின், அம் முடிபுகளை இரகசியமாய் வையாது, அழகிய தமிழில் எழுதி அறிவித்தற் பலகையிற் குத்துதல் வேண்டும். மேல் வகுப்பு மாணாக்கர் ‘கிணற்றேடு’ ஒன்று தொடங்கி ஆண்டுதோறும் அவற்றைப் பதிந்து வருதல் வேண்டும். ஒளிர்புரதத்தின் தத்துவத்தை அவர்களுக்குக் காட்ட ஒரு நீல விளக்கும் வடிகண்ணாடியும் போதும். அவ் விளக்கின்முன் நிற்கும் பிள்ளைகளுள் ஒருவன் இக் கருவிகளின் குறைகளை நாளை தீர்க்கமாட்டான் என்று யார் சொல்லவல்லார்?

“சோதித்து ஏதேனும் கண்டால் கல்லூரிக்கும் ஊருக்கும் பெயர் கெடுமே” என்று அஞ்சுவோரையும் அறிவோம். அவ்வச்சம் இயல்பு, ஆயின் மினமாத்தாவில் ஒன்பதாண்டு வாய்பூட்டியதும் இவ்வகை அச்சமே. அளந்து குறையில்லை என்று கண்டால் மனம் ஆறும். குறையுண்டென்று கண்டால் வேறு நீர் தேடலாம். அளவாதிருந்தால் இரண்டும் இல்லை. அன்றியும், அளவின்றி அஞ்சுவதும் தவறே. நம் நாட்டு வடமத்திய மாகாணத்து உழவரை 1990 கள் தொடங்கி வருத்தும் சிறுநீரக நோய்க்குக் கட்மியம் என்றும், ஆசனிக்கு என்றும், புளோரைட்டு என்றும், நீரின் வன்மை என்றும் பலர் பல காரணம் கூறினர். இதுதான் என்று எல்லாரும் உடன்பட்ட ஒரு முடிபு இல்லை. ஒரு நஞ்சின் பெயரைச் சொல்லிக் கலவரப்படுத்துவது எளிது. பொறுமையாய்ப் பல்லாண்டு அளந்து எழுதிவைத்தல் அரிது. அரிய அவ்வேட்டையே யாம் வேண்டுகின்றோம்.

கல்வி என்பது கலங்கலைத் தெளிவித்தல் என்று இதுகாறும் சொல்லி வந்தோம். தெளிந்ததனுள்ளும் யாது உண்டென்று கேட்கும் துணிவும் கல்வியே என்பதைப் பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எமக்குக் கற்பித்தான். அவ் வினாவைக் கேட்க இடங்கொடுத்த கல்லூரி இது. இனி வரும் ஆசிரியர் எவரும் அத்தகைய பிள்ளையை “இரு” என்று இருத்தாதிருப்பாராக. கல்லூரிக் கிணற்றின் நீரும், கல்லூரியின் பெயரும், தெளிவோடு தூய்மையும் உடையனவாய் நின்று நிலவுக.